பீரங்கியைக் கட்டிய முடி

இன்று மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பழைய சாமான் கடையில் என் அப்பாவின் கைவேலையைப் பார்த்தேன்.

பாய்மரப் போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஒரு துண்டைக் காட்டும் மர மாதிரி, முழ நீளம். அதில் சுண்டுவிரல் அளவில் ஆறு பீரங்கிகள். சக்கரங்கள் தேங்காய் ஓட்டில் செதுக்கியவை, அப்பா சொன்னது போலவே.

1920களில் ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒரு படத்தைக் காட்டிச் செய்யச் சொன்னான். பால்வெட்டு முடிந்து வந்து அப்பா ஈயத்தை உருக்கிப் பீரங்கி வார்த்தார். அவற்றை இழுத்துக் கட்டக் கடையில் வாங்கிய நூல் மிகத் தடிமனாக இருந்தது. அம்மா தன் முடியை வெட்டித் திரித்துக் கொடுத்தாளாம்.

துரையோ தானே செய்ததாகச் சொல்லிக்கொண்டான். அதை நான் மறக்கவே மாட்டேன்.

என்னைப் பெற்றதும் அம்மா கண்ணை மூடிவிட்டாள். ஒரு படம்கூடக் கிடையாது.

கடைக்காரரிடம், "அந்தக் கயித்த மட்டும் தொட்டுப் பாத்துக்கிறேன் தம்பி" என்றேன்.

"தாராளமா தொடுங்க பாட்டி. பழைய கயிறு ஒரே அழுக்கு லா, போன வாரந்தான் பிச்சுப் போட்டேன். இது புது நைலான். அழகா இருக்குல்ல?"

"இருக்குப்பா" என்றேன்.

அந்தத் துரையை எழுபது வருடமாகத் திட்டுகிறேன். அவன்கூட அம்மாவின் முடியை அவிழ்க்கவில்லை.

இனி நான் யாரைத் திட்டுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.