குடைக்கு நிற்கும் பஸ்

ஜெனோவாவில் மூன்றாம் நாள் காலை ஒரு பஸ் என்னைப் பார்த்துக்கொண்டே நிற்காமல் போயிற்று. அங்கே கை காட்டினால்தான் நிற்குமாம். முந்தின இரண்டு நாளும் வேறு யாரோ காட்டியிருக்க வேண்டும். அன்று தனியாக நான் நிறுத்தத்தில் சமர்த்தாக நின்றதோடு சரி. மின்தூக்கிப் பராமரிப்புப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். மலைச்சரிவில் ஏறி இறங்கும் அந்தத் துறைமுக நகரில் மின்தூக்கியும் பொதுப் போக்குவரத்துதான். பஸ் டிக்கெட்டிலேயே ஏறலாம். இரண்டு நாளில் ஏறியவற்றைக் குறித்து வைத்திருந்தேன்: பஸ், மின்தூக்கி, கம்பி இழுக்கும் மலை ரயில், படகு. தொழில் புத்தி, அந்தக் கம்பியின் தடிமனைக்கூடக் கண்ணால் அளந்தேன். இத்தனை தெரிந்தவளுக்குக் கை நீட்டத் தெரியவில்லை.

எப்படித் தெரியும், சொல்லுங்கள்? மலேசியாவில், மெர்போக் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் அந்த நாளில் ஆள் இல்லாவிட்டாலும் பஸ் நிற்கும். நிறுத்தத்துக் கம்பத்தில் குடையைச் சாய்த்துவிட்டு வீட்டில் தலை வாரிக்கொண்டிருக்கலாம். கண்டக்டர் குடைகளைப் பார்த்துவிட்டு ஹார்ன் அடிக்கச் சொல்வார்.

"பச்சைக் குடை மல்லிகாக்காவா? அது வர்றதுக்குள்ள நான் இன்னொரு தடவ பசியாறிடுவேன் லா."

அந்தப் பழக்கத்தோடுதான் அலோர் ஸ்டாரில் தொழில்நுட்பக் கல்லூரி நேர்காணலுக்குக் கிளம்பினேன். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். தவறினால் திங்கட்கிழமை முதல் கையுறைத் தொழிற்சாலை. சீருடைக்கு அளவுகூடக் கொடுத்தாயிற்று. சுங்கை பட்டாணி பஸ் நிலையத்தில் எட்டு மணி பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் இருந்தது. தூணில் குடையைச் சாய்த்துவிட்டு எதிர்க்கடையில் நுரைக்க ஆற்றிய தே தாரேக் டீ குடிக்கப் போனேன். திரும்பியபோது குடை இருந்தது. பஸ் இல்லை.

கடைக்கார பாய் என் முகத்தைப் பார்த்து வெளியே வந்தார்.

"பஸ் போயிருச்சு அண்ணே. குடை வெச்சிருந்தேன்."

"குடைக்கு யாரும்மா இங்க நிப்பா? எஸ்டேட்டா?"

தலையாட்டினேன். அடுத்த பஸ் ஒன்பது மணிக்கு. ஒன்றரை மணி நேர ஓட்டம், அதில் போனால் பத்து மணி தாண்டிவிடும். அதைச் சொன்னதும் அவர் கடையை அப்படியே விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "அந்த டிரைவர் எண்ணெய் ஊத்த நிப்பான். ஏறு."

சான்றிதழ்களை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பெட்ரோல் நிலையத்தில் பஸ்ஸைப் பிடித்துவிட்டோம்.

"என்ன பாய், கடைய விட்டுட்டு டாக்சி ஓட்டுறியா?" என்றார் டிரைவர்.

"பொண்ணு அங்க நிக்குது, பாக்காம வந்துட்டு பேச்சு வேற. ஏத்திக்க லா."

குடையைப் பற்றிப் பாய் மூச்சு விடவில்லை.

கல்லூரியில் இடம் கிடைத்தது. பிறகு வேலை. மூன்றாம் வருடம் ஒரு பழைய கார் வாங்கினேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் படித்து வேலைக்குப் போன எல்லோருமே வாங்கினோம். அப்புறம் ஒருநாள் எஸ்டேட் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அதை எதிர்த்து ஒருவரும் மனு எழுதவில்லை. மனு எழுதத் தெரிந்த நாங்கள் அத்தனை பேரும் அப்போது காரில் போய்க்கொண்டிருந்தோம்.