அதிசயம் காட்ட வேண்டியதில்லை

குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் பதினாலு வருஷமாகப் போன் எடுத்தவளை எல்லோரும் ‘வால்வு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தத் தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் எந்த வால்வைத் திறக்க வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி.

கண்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. நாற்பத்திரண்டு வயதில் ஒரேயடியாக இருட்டு. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளும் ஒரு ஹெட்போனும் கேட்டு மனுக் கொடுத்தாள்.

“எல்லாருக்கும் ஒரே விதிதாம்மா. உங்களுக்குன்னு தனியா செஞ்சா, நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க” என்றார் மேலாளர். அடுத்த மாதமே வேலையிலிருந்து நீக்கும் உத்தரவு வந்தது.

மனித உரிமை ஆணையத்தில் முறையிட்டாள். விசாரணைக்கு முந்தின மூன்று வாரமும், பஸ் ஓட்டிக் களைத்து வரும் கணவரைப் பழைய வால்வுப் பதிவேட்டை வாசிக்கச் சொல்லி, நானூற்றுப் பன்னிரண்டு வால்வுகளையும் வரிசையாக மனப்பாடம் செய்தாள்.

“என்னை இன்ஜினியர் ஆக்காம விடமாட்ட போல” என்று அலுத்துக்கொண்டாலும், அவர் ஒரு வரி விடாமல் வாசித்தார்.

விசாரணை அறையில் எழுந்து நின்றதுமே, கேட்பதற்கு முன்னால் ஒப்பிக்கத் தொடங்கிவிட்டாள். ஒன்பதாவது வால்வில், வழக்கை விசாரித்த ஆணைய உறுப்பினர் அம்மாளின் குரல் குறுக்கிட்டது.

“போதும்மா, உட்காருங்க. நீங்க இங்க அதிசயம் எதுவும் காட்ட வேண்டியதில்ல. வேலை செய்யத் தேவையானதைக் கேட்டீங்க, அவ்வளவுதானே? பதில் சொல்ல வேண்டியது உங்க மேலாளர்தான்.”

குரல் மேலாளர் பக்கம் திரும்பியது. “அந்த மென்பொருளைப் போட்டுப் பார்த்தீங்களா?”

“இல்லைங்க மேடம்.”

“எங்க கிடைக்கும்னாவது விசாரிச்சீங்களா?”

“இல்லைங்க… எல்லாரையும் சமமா நடத்தணும்னுதான்…”

“உங்க அலுவலகத்தால தாங்க முடியாத சுமைன்னா சொல்லுங்க, கேக்கறேன். முயற்சியே பண்ணாம மறுத்தா அதுக்குப் பேர் சமம் இல்ல சார், பாகுபாடு. சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

மற்றவர்களைவிட மூன்று மடங்கு கெட்டிக்காரியாக இருந்தால்தான் தன்னை வைத்துக்கொள்வார்கள் என்று நம்பி, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டவள் அவள். மடியில் கோத்திருந்த கைகள் தாமாகவே தளர்ந்தன.

படியிறங்கும்போது கணவர் கேட்டார்: “என்ன யோசனை?”

“ஏங்க, இந்தச் சட்டத்தை எழுதினவங்க என் மூஞ்சியைக்கூடப் பார்த்ததில்ல. எனக்கு இப்படி ஒரு நாள் வரும்னு முன்னாடியே யோசிச்சு வச்சிருக்காங்களே!”

அவர் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆறு வாரத்தில், கேட்டதைக் கொடுத்து அவளை மறுபடி வேலையில் சேர்க்கும்படி ஆணையத்தின் ஆணை வந்தது. மறுபடி வேலைக்குப் போனாள். முதல் நாள் மென்பொருளின் இயந்திரக் குரல் படபடவென்று பொரிந்து தள்ளியதில் தலை சுற்றியது. ஒரு மாதத்தில் அவளே அதை இன்னும் வேகமாக ஓடவிட்டாள்.

ஒரு காலை, பின்னால் யாரோ வந்து நின்று தொண்டையைச் செருமினார்கள்.

“நான்தாம்மா” என்றார் மேலாளர். “எல்லாம் சரியா இருக்கா?”

முன்பென்றால் ‘இருக்கு சார்’ என்று தலையாட்டியிருப்பாள்.

“ஹெட்போன்ல இடது பக்கம் கேக்கல சார். வேற ஒண்ணு வேணும்.”

“இன்னிக்கே சொல்லிடறேன்” என்றார் அவர். பேனா மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.