ஆறாம் வரிசையில் உரித்தது யார்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். கிள்ளான் பக்கத்தில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் நான் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அலறல் கேட்டு ஆறாம் வரிசைக்கு ஓடிப்போனவர்களில் நானும் ஒருவன். மீதியை லைலா சொன்னாள். லைலாவுக்குப் பொய் சொல்ல வராது. மெனக்கெட்டுப் பொய் சொல்லும் அளவுக்கு அவள் யாரையும் மதித்ததும் இல்லை.

நோர்லைலா அந்த வரிசையின் மேற்பார்வையாளர். சங்கிலியில் ஆயிரக்கணக்கான பீங்கான் கைகள் விரல் கீழே பார்க்கத் தொங்கிக்கொண்டு போகும். ரப்பர் பாலில் முங்கும். அடுப்புக்குள் நுழைந்து சூடாக வெளியே வரும். அந்தக் கைகளிலிருந்து கையுறையை உரித்தெடுக்க, வளைவில் பெண்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஸ்டூலில் நேபாளத்துத் தில்மாயா. லைலாவோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள்.

பிறகு டெரன்ஸ் வந்தான். ஆட்களைக் குறைத்து இயந்திரம் வைப்பதற்கென்றே வந்த மேலாளர். வெள்ளை ஷூ. தரையில் பால் சிந்தியிருந்தால் சுற்றிக்கொண்டு போவான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். அவனுக்கு எல்லாரும் தலைகள். ஒரு வரிசைக்கு எத்தனை தலை, அதில் எத்தனை தேவையில்லை. கேண்டீனில் கூட்டம் போட்டு, இனி எல்லாருக்கும் இதைவிட நல்ல வேலை கிடைக்கும் என்றான். கேக் வெட்டினார்கள். ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த வாரமே, சான்றிதழும் கையுமாக அந்தப் பெண்களை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டு, வளைவுக்கு அப்பால் உரிக்கும் இயந்திரத்தை வைத்தார்கள்.

லைலாவுக்குக் கிடைத்த நல்ல வேலை, ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. சிவப்பு எரிந்தால் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும்.

"இதுக்கு ஒரு குரங்கைக் கட்டிப்போடலாமே, பாஸ்?" என்று கேட்டாள்.

"குரங்கு லீவு கேக்காது. யோசிக்கிறேன்," என்றான் டெரன்ஸ்.

அன்று வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணி தாண்டியிருந்தது. ஆண்கள் தொழுகைக்குப் போயிருந்தார்கள். வரிசையில் லைலாவும் இயந்திரமும்தான்.

திடீரென்று, திரையில் ஏறிக்கொண்டிருந்த கையுறை எண்ணிக்கை நின்றது.

இயந்திரம் நிற்கவில்லை. டக்... டக்... டக்... சத்தம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கூடையில் ஒரு கையுறைகூட விழவில்லை. லைலா எட்டிப் பார்த்தாள். பீங்கான் கைகள் இயந்திரத்திடம் வரும்போதே வெறுமையாக வந்தன. அடுப்பிலிருந்து கையுறையோடு வெளியே வருகின்றன. வளைவில் திரும்புகின்றன. அதைத் தாண்டினால் ஒன்றுமில்லை.

போன் போட்டாள். "உங்க மெஷின் காத்தைப் பிடுங்கிட்டு இருக்கு. வந்து பாருங்க."

டெரன்ஸ் பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலக் காப்பியை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சியபடி வந்தான். "வளைவுல யாரு?"

"யாரும் இல்ல. நீங்கதான் எல்லாரையும் அனுப்பிட்டீங்களே."

"எவளோ உள்ள பூந்து வெளையாடுறா."

இருவரும் போனார்கள். வளைவில் யாருமில்லை. முதல் ஸ்டூல் இருந்த இடத்தில் கையுறைகள் கிடந்தன. சிதறி அல்ல. விளிம்பு ஒரே பக்கம் பார்க்க, ஒன்றின்மேல் ஒன்றாக. அடுக்கு உயர்ந்துகொண்டே இருந்தது.



டெரன்ஸ் சிரித்தான். "அடுப்பு ஃபேன் காத்து. கழண்டு விழுது. இதுக்கே இப்படி வெளிறிப் போறே. உங்கள மாதிரி தலைங்கள வெச்சுக்கிட்டு எவன் தொழில் பண்றது?"

காற்று அடுக்கி வைக்குமா என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் அவன், காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சங்கிலிக்கு நடுவே கையை நீட்டிவிட்டான்.

ஒரு பீங்கான் கை போனது.

இன்னொன்று.

அடுத்து... அவன் கை.

சரக்.

உரிக்கும் பெண்கள் இழுக்கும்போது வரும் அதே சத்தம்.

டெரன்ஸ் அலறினான். லைலா அவசரக் கயிற்றை இழுத்தாள். சங்கிலி நின்றது.

அவன் நிற்கவில்லை.

முன்னால் இழுக்கப்பட்டான். மறுபடியும்... எதிரில் யாருமில்லை.

பிறகு, விட்டது.

நாங்கள் போனபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். வெள்ளை ஷூவெல்லாம் காப்பி. வலது மணிக்கட்டைச் சுற்றித் தோல் மேலெழும்பிச் சுருண்டிருந்தது, கையுறையின் விளிம்பு மாதிரி.

"மெஷின் கடிச்சிருச்சு," என்றான்.

அறிக்கையிலும் அதைத்தான் எழுதினார்கள். இயந்திரம் அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. படித்தவர்கள் எழுதினால் இயந்திரம்கூட நடந்து வந்து கடிக்கும். டெரன்ஸ் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான். வருங்கால வேலைகளைப் பற்றி மேடையேறிப் பேசுகிறானாம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு.

லைலாவும் அந்தத் திரையை விட்டுவிட்டு வந்து மீ கோரெங் நூடுல்ஸ் கடை போட்டாள். நோன்புப் பெருநாளன்று தில்மாயா போனில் கூப்பிட்டாள். ஊரில் சௌக்கியமாக இருந்தாள். மாடு கன்று போட்டிருக்கிறதாம்.

"இந்தக் கைதான் அக்கா சும்மா இருக்க மாட்டேங்குது. காலையில சோறு தின்னுட்டுக் கண்ணசந்தாப் போதும், உரிக்க ஆரம்பிச்சிருது. வீட்டுக்காரரு துண்டால கட்டிப்போடுறாரு."

"கனவுதானே," என்றாள் லைலா.

"கனவுதான். ஒரு வெள்ளிக்கிழமைதான், அங்க உங்களுக்கு மதியமா இருக்கும், பயந்து எந்திரிச்சிட்டேன். ஒண்ணொண்ணா உரிச்சு அடுக்கிட்டே இருந்தேனா... நடுவுல ஒண்ணு மெத்துனு இருந்துச்சு. பீங்கான் இல்ல. மூணு தடவ இழுத்துப் பாத்தேன். கழண்டு வரல."

லைலா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"யாரு கைக்கா அது?"