மாமா சேலை கட்டி ஏறிய வண்டி

என் மாமா வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சேலை கட்டினார். அதையும் தெருவே கூடி நின்று பார்த்துவிட்டது. எதிர்வீட்டு அண்ணன் செல்போனில் வீடியோ எடுத்து நாலு பேருக்கு அனுப்ப, பொழுது சாய்வதற்குள் அது கம்பம் முழுக்கச் சுற்றிவிட்டது. இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால், யாராவது அதைத் தேடியெடுத்துக் காட்டாமல் பந்தி முடியாது. மாமா கோபித்துக்கொள்வதில்லை. கொசுவம் சரியாக நிற்கவில்லையே என்று மட்டும் வருத்தப்படுவார்.

மாமா என்றால் அம்மாவின் கடைசித் தம்பி. அம்மாவுக்கும் அவருக்கும் ஏகப்பட்ட வயது வித்தியாசம். கல்யாணம் ஆகும்வரை எங்கள் வீட்டோடுதான் இருந்தார். விடிகாலையில் கம்பத்திலிருந்து மலையேறும் ஜீப்புகளில் ஒன்றை ஒரு முதலாளிக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்க எங்கள் பக்கத்துப் பெண்கள் போவது அந்த ஜீப்புகளில்தான். நெருக்கியடித்து உட்கார்ந்து, மீதிப் பேர் தொற்றிக்கொண்டு போவார்கள். சொந்தமாக ஒரு வண்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று மாமாவுக்குத் தீராத ஆசை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, தன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு அந்த ஆசையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இழுத்துக்கொண்டு வந்தது என்னவோ ஒரு வாடகை டிராக்டர்தான். அதன் பின்னால் கயிறு கட்டி இழுபட்டு வந்தது ஒரு பழைய பிக்கப் ஜீப். மலைமேல் ஏதோ ஒரு தோட்டத்தில் வருடக்கணக்காக நின்றபடியே துருப்பிடித்த வண்டி. ஸ்டீயரிங்கில் மிளகுக் கொடி சுற்றியிருந்தது. பானெட்டைத் திறந்தபோது உள்ளே வைக்கோலும் கோழி இறகும் கிடந்தன.

அப்பா திராட்சைப் பந்தலுக்கு மருந்தடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"என்னா மாப்ள, வண்டி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு கோழிக்கூட வாங்கிட்டு வந்திருக்க?"

"சிரிங்க மச்சான், சிரிங்க. இது மலையேறும்போது நீங்கதான் முன் சீட்டுல உக்காரப் போறீக" என்றார் மாமா.

அதன்பின் எங்கள் வீட்டு முற்றம் பட்டறையாகிவிட்டது. இன்ஜின் ஒரு பக்கம், கதவுகள் ஒரு பக்கம், சக்கரம் இல்லாத உடம்பு செங்கல் அடுக்கின் மேல் ஒரு பக்கம். மாமா காலையில் ஜீப் ஓட்டிவிட்டு வந்து, மதியம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டுவார். தேனிக்கும் மதுரைக்கும் போய் உதிரி பாகங்கள் வாங்கிவந்தார். அம்மாவின் சமையலறை டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், நட்டும் போல்ட்டுமாக முற்றத்தில் தட்டுப்பட்டன. ஒருநாள் சீரக டப்பாவைத் திறந்தால் கிரீஸ். அன்றைக்கு அம்மா போட்ட சத்தத்தில் மாமா சாப்பிடாமலே எழுந்து போய்விட்டார்.

செங்கல் அடுக்கின் மேல் நின்ற வண்டியின் அடிப்பகுதி எனக்கு விளையாட்டு வீடு. குப்புறப் படுத்துக்கொண்டு வெளியே பார்த்தால் நடமாடுகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். காலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். அப்பாவின் கணுக்காலில் எப்போதும் மருந்தின் நீலம் ஒட்டியிருக்கும். மாமா ஒரு செருப்பை இழுத்து இழுத்து நடப்பார். அம்மா தண்ணீர் தூக்குவதற்காகச் சேலையைச் செருகியிருந்தால், முழங்காலுக்குக் கீழே புளியம்பழம் மாதிரி வளைந்த ஒரு தழும்பு தெரியும். அது என்னவென்று கேட்டால், சின்னப் பிள்ளையில் விழுந்தது என்பாள். எல்லோரும் சின்னப் பிள்ளையில் விழுகிறவர்கள்தான், நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

மாமா வண்டியைப் பழைய மாதிரி ஆக்குவதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்கு வேறொரு கணக்கு இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் போகும் தோட்டத்தில் மேல்காடு என்று ஒரு பகுதி உண்டு. நடுவில் பாறையும் தண்ணீருமாக ஓர் ஓடை குறுக்கிடும். மற்ற ஜீப்புகள் ஓடைக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். அங்கிருந்து பெண்கள் அட்டைக்கடியோடு செங்குத்தாக ஏற வேண்டும். தோட்டத்து மேஸ்திரி மலையாளத்துக்காரர். "வண்டி மேல்காடு வரெ வரட்டெ, சீசன் முழுக்க ஓட்டம் உனக்குத் தன்னெ" என்று மாமாவிடம் சொல்லியிருந்தார்.

மாமா வண்டியின் ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை போட்டார். பெரிய டயர்களாகப் பார்த்து மாட்டினார். பாடியையே தூக்கி வைத்தார். போடியில் ஒரு லேத்துக்காரரிடம் கொடுத்து நாலு சக்கரமும் இழுக்கும் கியரைச் சரிசெய்தார். பச்சைப் பெயிண்ட் அடித்து முடித்தபோது, அதைக் கோழிக்கூடு என்று சொன்ன அப்பாவே வண்டியைத் தடவிப் பார்த்தார். முதல் ஓட்டத்தில் சொன்னபடி அவரை முன் சீட்டில் உட்கார வைத்து மலைக்குக் கூட்டிப்போனார் மாமா. திரும்பி வந்த அப்பா ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, "ஏறிருச்சு" என்றார்.

சீசன் தொடங்கியது. சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வண்டியைத் தெருமுனையில் நிறுத்தினார் மாமா. பெண்கள் தூக்குவாளியும் காய் எடுக்கும் வாளியுமாக வந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மலைக்குப் போகிற பெண்களில் மூத்தவரைத் தெருவே பெரியம்மா என்று கூப்பிடும். எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் ஏறுவது அவர்தான். அவர் ஏறாத வண்டியில் வேறு யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

பெரியம்மா வண்டியின் பின்னால் போய் நின்றார். வண்டியின் தளம் அவர் நெஞ்சுக்கு நேராக இருந்தது. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு இறக்கிவிட்டார்.

"ஏலே தம்பி, வண்டி நல்லாத்தான் இருக்கு. ஏணிய எங்க?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். மாமா ஓடிப்போய் எங்கள் வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார்.

"இங்கன சரி. அங்கன காட்டுல எறங்கயில நாற்காலி போட ஒங்க மச்சான் வருவாகளா?" என்று கேட்டுவிட்டு, பெரியம்மா வழக்கமான ஜீப்பைப் பார்த்து நடந்தார். அத்தனை பேரும் பின்னாலேயே போய்விட்டார்கள். மாலை போட்ட வண்டியும் மாமாவும் மிச்சம். நான் சாமிக்கு உடைத்த தேங்காயைத் தின்றுகொண்டிருந்தேன்.

அந்த வாரத்துக்குள் பெண்கள் ஏறாவிட்டால் மேஸ்திரி வேறு ஏற்பாடு செய்துவிடுவார். ஓட்டம் இல்லாத வண்டிக்குக் காயலான் கடைதான் கதி. ஓட்டிக்கொண்டிருந்த ஜீப்பையும் மாமா முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார். அவர் அவசர அவசரமாக வண்டிக்குப் பின்னால் தாழ்வாக ஓர் இரும்புப் படியை வெல்டிங் வைத்தார். வெறும் வண்டியை மலைக்கு ஓட்டிப் பார்த்தார். ஓடைப் பாறையில் மோதி, படி நாய்வால் மாதிரி சுருண்டு திரும்பி வந்தது. உயர்த்தினால் பெண்கள் ஏற முடியவில்லை. தாழ்த்தினால் பாறை விடவில்லை.

ஆற்றாமையில் மாமாவுக்குப் பெண்கள்மேல் கோபம் வந்தது. "காலத் தூக்கி வச்சா ஏறிறலாம்க்கா. இவுக வேணும்ன்டே பிகு பண்ணுறாக" என்று முற்றத்தில் நின்று கத்தினார்.

அம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "நீ சேலையக் கட்டிட்டு ஏறிப் பாரு, தெரியும்" என்றாள்.

"குடுக்கா சேலைய!"

மாமா ரோஷக்காரர். அம்மாவும் லேசுப்பட்டவள் இல்லை. கொடியில் கிடந்த சேலையை எடுத்து, கைலிக்கு மேலேயே சுற்றி, கொசுவம் வைத்துச் செருகிவிட்டாள். அதோடு விட்டாளா? ஒரு கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் காய் வாளி, தோளில் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் தாள். "இப்ப ஏறு" என்றாள்.

முதல் தடவை காலைத் தூக்கியதும் சேலை முழங்காலில் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மாமா ஒற்றைக்காலில் தத்தினார். வேலிக்கு அப்பால் தெரு கூடத் தொடங்கியது. இரண்டாம் தடவை கொசுவத்தை வாயில் கவ்விக்கொண்டு முயன்றார். எதிர்வீட்டு அண்ணனின் செல்போன் மேலே எழும்பியது இப்போதுதான். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது தடவை மாமா பின்னால் போய் ஓடிவந்து எம்பினார். கால் வழுக்கியது. தளத்தின் இரும்பு விளிம்பு, முழங்காலுக்குக் கீழே அவரை நன்றாகக் கிழித்துவிட்டது.

வாளி உருண்டது. தெரு இன்னும் பலமாகச் சிரித்தது. அம்மா மட்டும் எழுந்து வந்து, ரத்தம் வழிகிற இடத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அங்கனதான் வெட்டும்" என்றாள்.

உள்ளே போய் மஞ்சள் குழைத்து வந்து அப்பினாள். அவள் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு சிரித்திருந்தாள். எனக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மாமா சேலையோடு தரையில் உட்கார்ந்தபடியே கேட்டார். "ரெண்டு கையும் நெறஞ்சிருக்கே. எதப் பிடிச்சுக்கா ஏறுறது?"

"அதத்தான் இத்தன வருசமா ஒருத்தரும் கேக்கல" என்றாள் அம்மா.

 மாமா எழுந்து போய், ஒரு பழைய டயரை எடுத்துவந்து பட்டையாக அறுக்கத் தொடங்கினார். சேலையை அவிழ்க்கவே மறந்துவிட்டார். படியைப் பற்றிய யோசனையெல்லாம் அப்புறம்தான். முதலில் அந்த இரும்பு விளிம்பு முழுவதற்கும் ரப்பர் வைத்து போல்ட் முறுக்கினார்.

மறுநாளெல்லாம் வேலை நடந்தது. வண்டியின் பின்கதவைக் கழற்றி, கீழ்நோக்கித் தொங்குகிற மாதிரி கீல் மாற்றினார். கதவின் உட்பக்கத்தில் குறுக்குக் கம்பிகளைப் படிகளாக வைத்தார். இறக்கிவிட்டால் அது ஏணி, தூக்கிச் சங்கிலியை மாட்டினால் கதவு. எந்தப் பாறைக்கும் எட்டாது. வாளிகளை முதலில் மாட்டிவிட்டுக் கையைக் காலியாக்கிக்கொள்ள வெளிப்பக்கம் கொக்கிகள். கையெட்டும் உயரத்தில் பிடிப்பதற்கு ஒரு கம்பி. ஒவ்வொன்றுக்கும் அம்மாவைக் கூப்பிட்டு, "இம்புட்டுப் போதுமாக்கா? இன்னுங் கீழ வேணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவும் அடுப்பில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போய்ப் போய்ச் சொன்னாள். வண்டி மாமாவுடையது, அம்மாவுக்கு இதில் என்ன இவ்வளவு அக்கறை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சோறு இரண்டு வேளை குழைந்துபோயிற்று.

மறுபடி வண்டியைத் தெருமுனையில் நிறுத்தினார். இந்தத் தடவை மாலையும் இல்லை, தேங்காயும் இல்லை. பெண்கள் வருவார்களா என்றே நிச்சயம் இல்லை. ஆனால் வந்தார்கள். வீடியோவைப் பார்க்காத ஆள் ஒருத்தரும் இல்லை. சேலை கட்டி விழுந்தவனை நேரில் பார்க்காமல் எப்படி இருப்பது?

பெரியம்மா வண்டியின் பின்னால் போய் நின்றார். மாமா கதவை இறக்கிவிட்டு ஒதுங்கினார். பெரியம்மா வாளிகளைக் கொக்கியில் மாட்டினார். ஒரு கையால் கொசுவத்தைப் பிடித்து, மறுகையால் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறினார். போகிற போக்கில் விளிம்பிலிருந்த ரப்பரைத் தடவிப் பார்த்தார். உள்ளே உட்கார்ந்து, மடியைச் சரிசெய்துகொண்டார். 

"ஏறுங்கடி" என்றார் பெரியம்மா. பிறகு மாமாவைப் பார்த்து, "ஒரு நா சேலை கட்டுனதுக்கே ஒனக்கு இம்புட்டுப் புத்தி வந்திருச்சே. எல்லா டிரைவரையும் கட்டச் சொல்லணும்" என்றார்.

எல்லோரும் ஏறினார்கள். மாமா கதவைத் தூக்கப்போகும்போது அம்மா, "கொஞ்சம் பொறுடா" என்றாள். அவளுக்கு மலையில் ஒரு வேலையும் இல்லை. அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. கம்பியைப் பிடித்து மேலே ஏறினாள், ஒரு நிமிடம் நின்றாள், அதே மாதிரி இறங்கிவந்தாள். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தாள். அம்மாவை மட்டும் ஏற்றியதற்காக நான் அழுது அடம்பிடித்து, பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தச் சீசன் முழுக்க மேல்காட்டு ஓட்டம் மாமாவுக்குத்தான். அடுத்த சீசனும். அந்தப் பச்சை வண்டி இன்றைக்கும் ஓடுகிறது.

போன மாதம் சின்னமனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் வழக்கம்போல வீடியோ வந்தது. மாமா விழுந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் விளையாட்டாகக் கேட்டேன். "அங்கனதான் வெட்டும்னு அன்னிக்குச் சொன்னியே, ஒனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். "நானும் மலைக்குப் போனவதான. நீ பெறக்கதுக்கு முன்னாடி" என்றாள். "நல்ல மழை. ஜீப்புல ஏறயில வழுக்கி விழுந்து, கால்ல ரத்தம் நிக்கல. வண்டிய நிறுத்தச் சொன்னா நேரமாச்சுன்னுட்டாக. ரசம் வருது பாரு, வாங்கு."

நான் ரசம் வாங்கினேன். செல்போனில் மறுபடியும் மாமா ஓடிவந்து எம்பினார், மறுபடியும் விழுந்தார், மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு அன்றைக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது என்றுதான் இத்தனை வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.