பொலிவியாவில் நின்றுபோன புள்ளி

தென் அமெரிக்காவைத் தனியாகக் காரில் சுற்றக் கிளம்பிய மகளிடம், “தெரியாதவங்க கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்காதே” என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

ஒருநாள் காலை, அல்சூரிலிருந்து வைட்ஃபீல்ட் போகும் ஆபீஸ் பஸ் டிராஃபிக்கில் நின்றிருந்தது. என் போனில் அவள் இருப்பிடத்தைக் காட்டும் புள்ளியும், பொலிவியாவில் ஊரே இல்லாத மலைப்பாதையில் வெகுநேரமாக நின்றிருந்தது. அழைத்து அழைத்துப் பார்த்தேன். கடைசியில் வீடியோ காலை எடுத்தது யாரோ ஒரு பெண்.

“யாரு நீ? என் பொண்ணு எங்கே?” பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவள் உதட்டில் விரல் வைத்துவிட்டுப் போனைத் திருப்பினாள். கம்பளிக்குள் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் கண் விழித்தாள்.

“கத்தாதேம்மா. பனியில வண்டி நின்னுபோச்சு. இவங்கதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து சூப் குடுத்தாங்க.”

மகளை நான் எச்சரித்து அனுப்பியது இந்தப் பெண்ணைப் பற்றித்தான்.