பாம்புச் செவிக்காரி வேண்டாமென்ற பெட்டி

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச் செவி என்று பெயர். வாடிக்கையாளர்கள் போனில் கொட்டித் தீர்த்த புகார்களின் பதிவைத் திரும்பக் கேட்டு, பதில் சொன்னவர் ஒழுங்காகப் பேசினாரா என்று மதிப்பெண் போடுவது அவள் வேலை. பதினாறு வருடமாக, நாளுக்கு எட்டு மணி நேரம், ஊரார் எரிச்சலையெல்லாம் காதில் வாங்கியாகிறது. பதில் சொல்கிறவர் ம் கொட்டிக்கொண்டே வேறு வேலை பார்த்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். அவள் போட்ட மதிப்பெண்ணை மேலாளர்கூட மறுத்ததில்லை. அப்படிப்பட்ட காது வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் நல்ல பாட்டுக் கேட்க ஆசைப்பட்டால் அது பெரிய குற்றமா என்ன?

ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் சிறுகச் சிறுகச் சேர்ந்துவிட்டன. பாக்கி, டாக் என்கிற பெட்டி ஒன்றுதான். கம்ப்யூட்டரில் வெறும் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஸ்பீக்கருக்கு ஏற்ற ஒலியாக மாற்றித் தருவது அதுதான். புதிது கையைக் கடிக்கும் என்று பழையதைத் தேட ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது.

பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. விற்கிறவர்களோடு மாரடிப்பதில்தான் உயிர் போயிற்று. கேள்வி கேட்பது அவள்; பதில் போவது துணைக்கு வந்த கணவருக்கு.

"சார் வீட்ல என்ன ஸ்பீக்கர் வச்சிருக்கீங்க?" என்றார் ஒருவர்.

சாருக்கு அதில் இடது எது, வலது எது என்றே தெரியாது. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற சாது மனிதர். யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பார். கார் பழகுகிறவர் சுவரில் கொண்டுபோய் மோதினாலும் அதையே சொல்வாரோ என்று அவளுக்குச் சந்தேகம். இன்னொருவர் ஒரு படி மேலே போய், "மேடத்துக்கு கலர் பிடிச்சிருக்கான்னு கேளுங்க சார்" என்றார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி மட்டும் போதாது, அதைத் தன் காதை நம்பித் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் அன்றுதான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவரிடம் போனார்கள். கடைக்கு மேலே மாடியறையில் விற்பதற்கு இரண்டு பெட்டிகள் வைத்திருந்தார். பெரிய பெட்டி பாட ஆரம்பித்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாடகி மூச்சு இழுப்பதுகூட அருகில் கேட்டது. பாட்டை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்துக் காத்திருந்தாள். இடது ஸ்பீக்கரில் மெல்லியதாக ஓர் இரைச்சல். பிளக்கை மாற்றினாள், ஒயரை மாற்றினாள், போகவில்லை. அதே இடத்தில் சின்னப் பெட்டியை மாட்டினாள், இரைச்சல் இல்லை. கோளாறு பெரிய பெட்டியில்தான்.

"அதெல்லாம் மனப்பிரமை மேடம்" என்றவர், கணவர் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு ஏதாவது கேக்குதா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"பாத்தீங்களா?"

கீழே கடையில், இந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரிகிறதா, அந்தக் கண்ணாடியில் தெரிகிறதா என்று வந்தவர்களிடம் பத்து தடவை கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்கிற மனிதர்தான் அவர். கண்ணுக்கு ஒரு நியாயம், காதுக்கு ஒரு நியாயம்.

"நாலு மாசத்துல மனசுக்குப் பிடிச்ச பெட்டி அது ஒண்ணுதாங்க. ஆனா இரையுது. அது வேண்டாம்" என்றாள் திரும்பும் வழியில்.

"அதுவும் சரிதான்" என்றார் கணவர்.

அடுத்த சனிக்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வந்தபோது கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் பல். உள்ளே, ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் அந்தப் பெரிய பெட்டி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது.

"நீதான சொன்ன, மனசுக்குப் பிடிச்சது இது ஒண்ணுதான்னு. அந்தக் கடைக்காரருக்கு போன் போட்டேன். இரைச்சல் கிரைச்சல் எதுவும் கிடையாதுன்னு அடிச்சு சொன்னாரு. கையோட வாங்கிட்டு வந்துட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. ஆசையாகத் தூக்கி வந்து, ஒயரெல்லாம் மாட்டி, சட்டை நனைய நிற்கிற மனிதரை என்னவென்று திட்டுவது? இரைச்சலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தன் வீட்டிலேயே தன் சொல் எடுபடவில்லையே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பையைக்கூட இறக்காமல் போய்ப் பாட்டை நிறுத்தினாள். சத்தத்தைக் கூட்டினாள்.

"இப்ப கேக்குதா?"

"ஃபேன் சத்தமா இருக்கும்."

ஃபேனை அணைத்தாள்.

"ஃபிரிட்ஜா இருக்குமோ?"

ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். ஜன்னலைச் சாத்தினாள். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்து இடது ஸ்பீக்கர் முன்னால் தரையில் உட்காரவைத்தாள். அவர் தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார். மெல்ல அவர் முகம் மாறியது.

"ஆமாம்மா. கேக்குது. நல்லாவே கேக்குது" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார்:

"ஆனா, அவரு இல்லைன்னாரே."