சீல் வைத்த அறையோடு ஒரு வீடு

மாரித்தாய் ஏலத்தில் எடுத்த வீட்டில் மூன்று அறைகள். அதில் ஒன்றை அவளால் திறக்க முடியவில்லை.

வீடு விருதுநகருக்கு வெளியே, மல்லாங்கிணறு போகும் சாலையில் இருந்தது. சொந்தக்காரர் ஒரு பட்டாசு வியாபாரி. அரசாங்கத்துக்கு வரி கட்டாமல் ஊரை விட்டே போய்விட்டார். அதிகாரிகள் வீட்டை ஜப்தி செய்து ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாரித்தாய் சிவகாசிப் பக்கம் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். கணவன் சங்கிலிமுத்து அங்கேயே லோடு ஏற்றுகிறவன். அவர்கள் இருந்த வாடகை வீட்டில் குழாயைத் திறந்தால்கூட வீட்டுக்காரம்மா எட்டிப் பார்ப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வைக்குக் கீழேயே குடித்தனம் நடத்தியவளுக்குச் சொந்த வீடு என்றதும் வேறெதுவும் கண்ணில் படவில்லை. நகையை விற்றாள், கடன் வாங்கினாள், ஏலத்தில் கையைத் தூக்கினாள். போட்டிக்கு வந்தவர்கள் சீக்கிரமே ஒதுங்கியபோது சங்கிலிமுத்துவுக்குச் சந்தேகம் வந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏலம் உறுதியாகிச் சாவி கைக்கு வந்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. அடுப்படிக்கு அடுத்த அறையின் பூட்டில் அரக்கு முத்திரை. வியாபாரி லைசென்ஸ் இல்லாமல் அங்கே பட்டாசு அடுக்கி வைத்திருந்தாராம். பல வருஷத்துக்கு முன்பு அதிகாரிகள் வந்து சீல் வைத்ததாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

தாலுகா ஆபீசுக்குப் போனாள். துணை தாசில்தார் நல்லசிவம் தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"வீட்டை உள்ளது உள்ளபடிதாம்மா வித்திருக்கோம். சீல் போலீஸ் வச்சது. அங்க கேளுங்க."

ஸ்டேஷனில், "நாங்க பாதுகாப்புக்குக் கூட நின்னதோட சரி. சீல் வச்சது தாலுகா ஆபீஸ்" என்றார்கள்.

அவள் திரும்பத் தாலுகா ஆபீசுக்கு வந்தாள். அன்று நல்லசிவம் மீட்டிங்கில் இருந்தார். அடுத்த முறை முகாமில் இருந்தார். தீபாவளி சீசன் வேறு. லீவு கேட்கும்போதெல்லாம் சூப்பர்வைசர், "வீடு வாங்குனீகளா, இல்ல ஆபீஸ் வேலைக்குச் சேந்தீகளா?" என்று கேட்டார்.

ஒருவழியாக நல்லசிவம் அகப்பட்ட அன்று, அவர் யோசனை ஒன்று சொன்னார். "மத்த ரெண்டு ரூம் இருக்குல்லம்மா. நீங்க பாட்டுக்குக் குடியேறுங்க."

"சார், எங்க கம்பெனி கேட்ல செல்போனைக்கூட வாங்கி வச்சிருவாக. தீப்பெட்டி வச்சிருந்தா அன்னைக்கே வேலை போச்சு. இங்க என்னடான்னா, வெடிமருந்து இருக்க ரூமுக்குப் பக்கத்துலயே அடுப்பு வச்சு என்னையச் சோறாக்கச் சொல்லுதீக."

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?"

வீட்டுக்கு வந்து சங்கிலிமுத்துவிடம் சொல்லிக் கொட்டினாள். அவனுக்கும் பொறுமை போய்விட்டது.

"பூட்டை ஒடைச்சிருவோம் புள்ள."

"ஒடைங்க. அப்ப மட்டும் எங்க சீலு, எங்க சீலுன்னு ரெண்டு ஆபீசும் ஓடி வரும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஒரு யோசனை தட்டியது.

மறுநாள் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு முதலில் ஸ்டேஷனுக்கும் அப்புறம் தாலுகா ஆபீசுக்கும் போனாள்.

"வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுதோம் சார். பெருசா ஹோமமும் வளக்கோம். அவசியம் வரணும்."

நல்லசிவம் இப்போது நிமிர்ந்தார். "ஹோமமா? எந்த ரூம்ல?"

"சீல் வச்ச ரூமுக்கு அடுத்த ரூம்லதான் சார். வேற எங்கன எடம் இருக்கு?"

"ஏம்மா, விளையாடுதீகளா?"

"நீங்கதான சார் குடியேறச் சொன்னீக."

வியாழக்கிழமை காலையிலேயே ஜீப் வந்தது. பின்னாலேயே போலீஸ் வந்தது. தீயணைப்பு வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அக்கம்பக்கத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, மெதுவாக முத்திரையை உடைத்துக் கதவைத் திறந்தார்கள்.

உள்ளே ஒட்டடையும் கால் ஒடிந்த நாற்காலி ஒன்றும் இருந்தன. பட்டாசு ஒன்றுகூட இல்லை.

வயதான ஏட்டு ஒருவர் நெற்றியைத் தேய்த்தார். "அட, சரக்கை அப்பவே லாரியில ஏத்திக் கொண்டுபோயிட்டாகளே. வெறும் ரூமுக்குத்தான் சீல் வச்சோம்."

மாரித்தாய்க்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இத்தனை நாள் அலைந்த கால் அப்போதுதான் வலித்தது. அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதைச் சொல்ல ஒரு ஆளு இல்லையா சார் இம்புட்டு நாளா?"

நல்லசிவம் ஒரு தாளை நீட்டினார். "அறையை ஒப்படைச்சாச்சுன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். பிறகு நினைவு வந்தவராக, "ஹோமம் நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

"ஹோமத்துக்கெல்லாம் எங்க சார் போக? பால் மட்டுந்தான்."

வெள்ளிக்கிழமை பால் பொங்கியது. அதிகாரிகள் யாரும் வரவில்லை. அந்த அறையை வெள்ளையடித்து இப்போது அங்கேதான் படுக்கிறார்கள். காற்று நன்றாக வருகிறது. பட்டாவில் மட்டும் இன்னும் பெயர் மாறவில்லை. சர்வேயர் வந்து அளக்க வேண்டுமாம். போன வாரம் மாரித்தாய் லீவு போட்டுவிட்டுப் போய்க் கேட்டாள். சர்வேயர் லீவு.